கோகோவின் துவர்ப்பு எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு 54 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன், ‘டார்க் சாக்லேட் சாப்பிட்டால் சர்க்கரை இறங்குமாம்’ என்று 70 சதவீதம் போட்டதாகப் பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்புகிறான். தினமும் எவ்வளவு சாப்பிடலாம்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகன் கேள்விப்பட்டதில் பாதி உண்மை இருக்கிறது அம்மா. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோகோ கொட்டையில் எபிகேட்டகின் என்றொரு பொருள் உண்டு. ஃபிளவனால் என்ற தாவரப் பொருள் வகையைச் சேர்ந்தது. பச்சை வாழைப்பூவைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அது மாதிரியான துவர்ப்புதான் கோகோவில் இதைக் காட்டிக்கொடுக்கும். இது உள்ளே போன ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடை அதிகமாகச் சுரக்கிறது. குழாய் தளர்ந்து கொடுக்கிறது, தசைக்கு ரத்தம் தாராளமாகப் போகிறது. இன்சுலின் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவதற்கும் இந்தத் தளர்ச்சி துணை செய்கிறது.

ஆஸ்திரேலியாவில் உடல் எடை கூடியவர்களை 12 வாரம் வைத்து ஒரு சோதனை நடந்தது, 2008-ல் வெளியானது. ஒரு சாராருக்குத் தினமும் 902 மில்லிகிராம் ஃபிளவனால் உள்ள கோகோ பானம், மற்றவர்களுக்கு வெறும் 36 மில்லிகிராம் உள்ளது. இரண்டு பக்கத்திலும் பாதிப் பேர் வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம் உடற்பயிற்சி செய்தார்கள். துவர்ப்பான கோகோ குடித்தவர்களுக்கு ரத்தக் குழாயின் இளக்கம் கூடியது, இன்சுலின் கொஞ்சம் நன்றாக வேலை செய்தது. ஆனால் வயிற்றுக் கொழுப்பு குறைந்தது பயிற்சி செய்தவர்களுக்குத்தான். அந்த விஷயத்தில் கோகோ கூடுதலாக எதுவும் சேர்க்கவில்லை. நடைக்குப் பதிலாகச் சாக்லேட் என்று யாராவது சொன்னால் இந்தச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய சோதனை அமெரிக்காவில் 21,442 முதியவர்களிடம் நடந்தது. அவர்களில் பாதிப் பேருக்குத் தினம் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால், அதுவும் மாத்திரையாக. மூன்றரை ஆண்டுக்கு மேல் பார்த்ததில் இதய நோயால் இறந்தவர்கள் அந்தப் பக்கத்தில் 27 சதவீதம் குறைவு. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியபோது வித்தியாசம் உறுதிப்படவில்லை. புதிதாகச் சர்க்கரை நோய் வருவதும் குறையவில்லை.

இப்போது உங்கள் கையில் இருக்கும் சாக்லேட்டுக்கு வருகிறேன். 70 சதவீதம் கோகோ என்றால் மீதி 30-ல் பெரும்பகுதி சர்க்கரை. 20 கிராம் சாப்பிட்டால் சுமார் 6 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய 120 கலோரி. என்னிடம் வந்த ஓர் அம்மா பள்ளி நோட்டில் கோடு போட்டுச் சாப்பாட்டுக் கணக்கு எழுதி வந்தார். இட்லி, சாம்பார் எல்லாம் ‘உணவு’ என்ற பத்தியில். ‘சாக்லேட் 6 கட்டம்’ மட்டும் ‘மருந்து’ என்ற பத்தியில், மாத்திரைக்குக் கீழே! மூன்று மாதத்தில் அவருக்கு எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. பாவம், மருந்தென்று நம்பித்தான் சாப்பிட்டிருக்கிறார். நீங்களும் சாக்லேட்டை ‘மருந்து’ பத்தியில் எழுதிவிடாதீர்கள்.

அந்த 70 என்ற எண் ஃபிளவனாலின் அளவும் அல்ல. கொட்டையை எப்படிப் பக்குவப்படுத்தினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கசப்பும் புளிப்பும் போகக் காரம் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்தை முறிக்கும் ‘ஆல்கலி’) சேர்த்துப் பதப்படுத்துவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் வான் ஹூட்டன் குடும்பம் கொண்டுவந்த முறை. காரம் படாத கோகோ பவுடரில் கிராமுக்குச் சராசரி 34 மில்லிகிராம் ஃபிளவனால் இருக்கிறது என்றால், காரம் அதிகம் பட்டதில் 4 மில்லிகிராம்கூட இல்லை. கடையில் கன்னங்கரேலென்று இருப்பதைத்தான் நல்ல சரக்கு என்று எடுக்கிறோம். அது பெரும்பாலும் காரத்தில் கறுத்தது. வெளிர் பழுப்பாக, நாக்கில் வைத்தால் புளித்துத் துவர்ப்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

ஆகவே, சர்க்கரை கலக்காத, காரம் சேர்க்காத பவுடர் ஒரு டீஸ்பூன், வெந்நீரிலோ ஆடை நீக்கிய பாலிலோ, காலை நடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடியுங்கள். மகன் அனுப்பியதில் ஆசைக்கு ஒரு கட்டம் போதும். மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைக்க வேண்டாம். ரத்தசோகை இருந்தால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். டீ மாதிரியே இதுவும் இரும்புச்சத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: 27 வயது, வாரம் நான்கு நாள் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஓடும் முன் இரண்டு வாழைப்பழத்தோடு கோகோ பவுடர் போட்டு மிக்ஸியில் அடித்துக் குடிக்கிறேன். டார்க் சாக்லேட் ஸ்டாமினா கூட்டும் என்பது நிஜமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: தம்பி, பழமும் சரி, பவுடரும் சரி. இரண்டையும் ஒரே ஜாரில் போட்டதுதான் கோளாறு.

உங்கள் வீட்டில் வாழைக்காய் நறுக்கும்போது மோர்த் தண்ணீரில் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். போடாவிட்டால் கறுத்துவிடும். கறுக்க வைப்பது பாலிபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி. வாழைப்பழத்தில் அது ஏராளம். அதே நொதி ஃபிளவனாலையும் சிதைத்துவிடுகிறது. 2023-ல் வந்த ஓர் ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தியில் கலந்து குடித்தவர்களின் ரத்தத்தில் சேர்ந்த ஃபிளவனால், அதையே கேப்சூலாக விழுங்கியவர்களைவிட 84 சதவீதம் குறைவு! நல்ல பவுடர் வாங்கியும் பலன் மிக்ஸியிலேயே போய்விடுகிறது. கோகோவை வெந்நீரில் தனியாகக் குடியுங்கள். பழத்தை ஓடி முடித்த பிறகு சாப்பிடுங்கள். இழந்த சக்தியை ஈடுகட்ட அது அருமையான உணவு. கோகோவோடு எதையாவது அடித்துத்தான் குடிக்க வேண்டுமென்றால் அன்னாசி, ஆரஞ்சு பரவாயில்லை.

ஸ்டாமினா விஷயம்: லண்டனில் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 9 சைக்கிள் வீரர்களுக்கு இரண்டு வாரம் தினம் 40 கிராம் டார்க் சாக்லேட் கொடுத்துப் பார்த்தார்கள். மிதமான வேகத்தில் மிதிக்கும்போது ஆக்ஸிஜன் குறைவாகச் செலவானது. இரண்டு நிமிடப் பந்தயத்தில் கூடுதல் தூரம் போனார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்பதே பேர். எபிகேட்டகின் கொடுத்த எலிகள் பாதி மடங்கு அதிகம் ஓடின என்ற செய்தியும் பரவுகிறது. அது எலிக்கு. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிச் சேர்க்கும் மூச்சுக்கு முன்னால் கோகோவின் பங்கு சிறியது. தூக்கத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். கோகோவில் காஃபின் மாதிரியே தூண்டிவிடும் தியோபுரோமினும் கொஞ்சம் காஃபினும் உண்டு என்பதால் மாலை ஐந்து மணிக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. சாக்லேட் சுவை சத்து பானம் தினமும் இரண்டு வேளை தருகிறேன். கோகோவின் பலன் கிடைக்குமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கிடைக்காது. டப்பாவின் பின்பக்கம் பொருட்பட்டியலைப் பாருங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும். மால்ட்டும் சர்க்கரையும் எத்தனையாவது இடத்தில், கோகோ எத்தனையாவது இடத்தில் என்று மகளையே படிக்கச் சொல்லுங்கள். வெறும் பால் போதும்.

கேள்வி: தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கிறோம். எங்கள் கொட்டையை வீட்டிலேயே பொடித்துக் குடிக்கலாமா? புளிக்க வைக்காமல் காய வைத்தால் சத்து அதிகம் என்கிறார்களே?
– ஒரு விவசாயி, ஆனைமலை

பதில்: ஐயா, உங்கள் கடிதம் எனக்குத் தோப்பு வாசனையோடு வந்தது. நான் வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான். காயை உடைத்ததும் அந்த வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவோம். அப்பா மரப்பெட்டியில் வாழை இலை விரித்துக் கொட்டையைக் குவித்து மூடுவார். மூன்றாம் நாள் கை வைத்தால் சுடும், காடி வாசம் மூக்கில் ஏறும். கிளறும்போதெல்லாம் ஒரு கொட்டையைக் கத்தியால் இரண்டாக வெட்டிக் காட்டுவார். முதல் நாள் நல்ல ஊதா. ஆறாம் நாள் பழுப்பு. அந்த ஊதாவோடு சேர்ந்துதான் ஃபிளவனாலும் குறைகிறது. கோவைத் தம்பிக்குச் சொன்ன அதே வகை நொதிதான் இங்கேயும் வேலை செய்கிறது.

அதனால் நீங்கள் கேள்விப்பட்டது சரி. புளிக்காத கொட்டையில் ஃபிளவனால் அதிகம். ஆனால் அதில் சாக்லேட் மணமே வராது. துவர்ப்பில் இரண்டாவது மடக்கு இறங்காது. பச்சையாகப் பொடித்தால் கிருமி பயமும் உண்டு. விற்கும் சரக்கை வழக்கம்போல முழுதாகப் புளிக்க வையுங்கள், வியாபாரி வெட்டிப் பார்த்துத்தான் விலை சொல்வார். வீட்டுக்கு வேண்டிய ஒரு கிலோவை மட்டும் மூன்றாம் நாளே எடுத்து, உள்ளே ஊதா மிச்சமிருக்கும்போதே வெயிலில் பரப்பிவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அடிகனமான சட்டியில் இளந்தீயில் வறுத்து, தோலை முழுக்கப் புடைத்து நீக்குங்கள்; மண்ணிலிருந்து ஒட்டும் ஈயம் தோலில்தான் இருக்கும். அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்தால் பவுடராக வராது, பாதி எடை கொழுப்பு என்பதால் விழுதாகத்தான் வரும். ஒரு டம்ளர் வெந்நீருக்கு ஒரு டீஸ்பூன் விழுது, தட்டிய சுக்கு ஒரு சிட்டிகை. வறுத்த கொட்டையை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள், தியோபுரோமின் அதற்கு விஷம்.