பின்னங்காலில் நிற்கும் புலி

கேள்வி: ஆங்கிலப் பேப்பரில் ஊழல் 'ரேம்பண்ட்' என்று போடுகிறார்கள். சின்னங்களில் நிற்கும் சிங்கத்துக்கும் அதே சொல்லா? போர்த்துகீசியத்திலும் இருக்கிறதாமே? (வாசகர், பகாவ்)

பதில்: ஒரே சொல்தான். பழைய பிரெஞ்சில் ஏறுவதைக் குறித்த வினையிலிருந்து வந்தது, அப்புறம் அரச சின்னங்களில் பின்னங்காலில் எழுந்து முன்னங்கால்களைத் தூக்கி நகம் காட்டும் விலங்குக்குப் பெயராகிவிட்டது. ஸ்காட்லாந்து சிங்கம் அப்படித்தான் நிற்கும். அவ்வளவு தூரம் எதற்கு, நம் மலேசியப் பாஸ்போர்ட் அட்டையில் கேடயத்தைத் தாங்கும் இரண்டு புலிகளையே பாருங்களேன்!

ஆங்கிலத்தில் அந்த மூர்க்கமே நாளடைவில் 'அடக்க ஆளில்லாமல் பரவுவது' என்றாகிவிட்டது. உங்கள் பக்கத்தில் கவனிப்பாரற்ற ரப்பர் நிரையில் லாலாங் புல் மண்டுகிறதே, அதற்கும் இந்தச் சொல் பொருந்தும். போர்த்துகீசிய 'ரம்பாந்தெ' பெரும்பாலும் சின்னத்தோடு சரி. 2003 வரை ரொனால்டோ ஆடிய ஸ்போர்ட்டிங் லிஸ்பன் கிளப்பின் சிங்கம் அந்த வகை. விலைவாசி கட்டுமீறினால் அவர்கள் சொல்வது 'கலோபாந்தெ', அதாவது நாலுகால் பாய்ச்சல்.