ஓவர்டைம் நின்றது வேறு விஷயம் இல்லை

கேள்வி: எனக்கு வயது 39. எண்ணெய்க் கிணறுகளுக்கு இயந்திரங்களும் ஆட்களும் அனுப்பும் ஒரு சர்வீஸ் கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் வேலை. மனைவி வீட்டில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அப்பா எங்களோடுதான் இருக்கிறார், மருந்துச் செலவு மாதாமாதம் உண்டு. கச்சா எண்ணெய் விலை உச்சத்திலிருந்து பாதியாக இறங்கிவிட்டது. எரிசக்திப் பங்குகள் மலிவாகக் கிடைக்கின்றன, சில கம்பெனிகள் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் டிவிடெண்ட் பேங்க் வட்டியைவிட அதிகம். நான் இந்தத் துறைக்குள்ளேயே இருப்பவன், இதன் ஏற்ற இறக்கம் எனக்குப் பழகியது. விலை எப்படியும் திரும்ப ஏறும். மூன்று மாதமாக ஓவர்டைமை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அது வேறு விஷயம். சேமிப்பு முழுவதையும் இப்போதே எரிசக்திப் பங்குகளில் போடலாம் என்று இருக்கிறேன். எந்த மாதிரி கம்பெனிகளைப் பார்க்க வேண்டும்?

பதில்: தம்பி, கம்பெனிகளைப் பற்றி அப்புறம் பேசலாம். ஓவர்டைம் நின்றதை வேறு விஷயம் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

ஓவர்டைம் ஏன் நின்றது? எண்ணெய் விலை விழுந்தால், எடுக்கும் கம்பெனிகள் முதலில் கை வைப்பது புதுக் கிணறு தோண்டும் செலவில்தான். ஓடுகிற கிணற்றை அவ்வளவு சுலபமாக மூட மாட்டார்கள். தோண்டாத கிணற்றைத் தள்ளிப்போடுவது சுலபம். அந்தத் தோண்டும் வேலைதான் உங்கள் கம்பெனிக்கு வரும் ஆர்டர். ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் போகும், அடுத்து ஒப்பந்த ஆட்கள் போவார்கள், அதற்கும் பிறகு நிரந்தர ஆட்களின் பட்டியலை எடுப்பார்கள். உலகத்தின் மிகப் பெரிய எண்ணெய் சர்வீஸ் கம்பெனியான ஷ்லம்பர்ஜர், 2014-இல் தொடங்கிய சரிவில், 2015 ஜனவரியில் 9,000 பேரை நிறுத்தப் போவதாக அறிவித்தது. ஏப்ரலில் இன்னும் 11,000 பேர் என்றது. அவ்வளவு பெரிய இடத்திலேயே நான்கு மாதத்துக்குள் இது நடந்தது. உங்கள் கம்பெனி அந்த வரிசையில் முதல் படியில் கால் வைத்து மூன்று மாதம் ஆகிறது. அதை நீங்கள் அலுவலகச் செய்தியாகப் பார்க்கிறீர்கள். அது உங்கள் வீட்டுச் செய்தி.

நீங்கள் இனிமேல்தான் எண்ணெயில் முதலீடு செய்யப் போவதாக நினைக்கிறீர்கள். உங்கள் சம்பளம், போனஸ், பதவி உயர்வு, நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறினால் கிடைக்கப்போகும் சம்பளம் எல்லாம் ஏற்கெனவே அதில்தான் கிடக்கின்றன. உங்கள் வயதுக்கு இன்னும் இருபது வருட உழைப்பு பாக்கி இருக்கிறது. சேமிப்பைவிடப் பல மடங்கு பெரிய சொத்து அதுதான். வெளியே மிச்சம் இருந்தது அந்தச் சேமிப்பு மட்டும். அதையும் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டப் பார்க்கிறீர்கள்.

சரிவில் வாங்கினால் லாபம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த லாபம் காத்திருக்க முடிந்தவனுக்குக் கிடைப்பது. அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியான எக்ஸான்மொபிலின் பங்கு 2014-இல் 100 டாலரைத் தாண்டியிருந்தது. 2020 மார்ச்சில் 30 டாலரை ஒட்டி வந்துவிட்டது. மறுபடி 100-ஐத் தொட 2022 வரை ஆனது. 2020-இல் வாங்கி வைத்தவருக்கு நல்ல லாபம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2015-இல் மலிவு என்று வாங்கியவர் அத்தனை வருடமும் அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவமனைக்கோ பணம் தேவைப்பட்டிருந்தால் அடிமட்டத்தில்தான் விற்றிருப்பார். உங்களுக்கு வேலை போகிற மாதமும் அந்தப் பங்குகள் அடிமட்டத்தில் இருக்கிற மாதமும் ஒரே மாதமாக இருக்கும். வேறு துறையில் இருப்பவருக்கு அது தற்செயலாக நடக்கலாம். உங்களுக்கு அது கணக்குப்படி நடக்கும். இந்தச் சரிவில் காத்திருக்கவே முடியாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது எண்ணெய்த் துறையில் சம்பளம் வாங்கும் குடும்பத்தலைவர்தான்.

என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனியின் கதையைத் துறைக்குள் இருக்கும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2000 ஆகஸ்டில் 90 டாலருக்கு விற்ற பங்கு, 2001 டிசம்பரில் கம்பெனி திவால் மனு போட்டபோது ஒரு டாலர்கூட இல்லை. அது கணக்கில் செய்த மோசடியால் வந்த வீழ்ச்சி, எண்ணெய் விலையால் வந்ததில்லை. நான் சொல்ல வருவது ஊழியர்களைப் பற்றி. அவர்களுடைய ஓய்வூதியச் சேமிப்பில் பாதிக்கு மேல் அதே கம்பெனியின் பங்காக இருந்தது. தாங்கள் உள்ளே இருப்பவர்கள், தங்களுக்குத் தெரியாததா என்றுதான் அவர்களும் நம்பினார்கள். சம்பளமும் முதுமைக்கு வைத்த பணமும் ஒன்றாகப் போயின.

துறைக்குள் இருப்பவன் என்ற பேச்சை இதோடு விட்டுவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்தது பம்பும் வால்வும் அழுத்தமும். அதில் உங்களுக்கு நிகரில்லை என்றே வைத்துக்கொள்வோம். எண்ணெய் விலை முடிவாவது வேறு இடத்தில். உலகச் சந்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளும் பிரென்ட் கச்சா எண்ணெய் 2014 ஜூனில் ஒரு பீப்பாய் 115 டாலர். அமெரிக்காவில் பாறையை உடைத்து எடுக்கும் ஷேல் எண்ணெய் பெருகிக் கொண்டிருந்தது. நவம்பர் இறுதியில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் நாடுகள் வியன்னாவில் கூடி, உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று முடிவு செய்தன. 2015 ஜனவரியில் விலை 50-க்குக் கீழே வந்தது. பாதிக்கு மேல் விழுந்தாயிற்று, இனி எங்கே விழும் என்று நீங்கள் இன்று சொல்வதையே அன்றும் பலர் சொன்னார்கள். ஒரு வருடம் கழித்து, 2016 ஜனவரியில், அது 28 டாலருக்கும் கீழே இருந்தது. பாதியானது இன்னொரு முறையும் ஏறக்குறைய பாதியாகும்.

எப்படியும் திரும்ப ஏறும் என்பதற்கும் ஒரு பதில் உண்டு. 1985 இறுதியில் 30 டாலரை ஒட்டி இருந்த எண்ணெய், 1986-இல் 10 டாலர் வரை போனது. 1990-இல் குவைத்தை ஈராக் பிடித்தபோது சில மாதம் எகிறியது. பிறகு இறங்கி, 1998 இறுதியில் மறுபடியும் 10 டாலர் பக்கம் வந்து நின்றது. பன்னிரண்டு வருடம். ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து பள்ளியை முடிக்கும் காலம் அது. உங்கள் பிள்ளைகளின் கட்டணம் எண்ணெய் விலைக்காகக் காத்திருக்காது.

டிவிடெண்டை வட்டியோடு ஒப்பிட்டது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. வட்டி தருவதாக ஒப்புக்கொண்டது. டிவிடெண்ட் இஷ்டப்பட்டால் தருவது. சரிவுக் காலத்தில் அந்தச் சதவீதம் பெரிதாகத் தெரிவதே பங்கு விலை விழுந்ததால்தான், அவர்கள் கூடுதலாகக் கொடுப்பதால் இல்லை. ஷெல் கம்பெனி இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரு முறைகூட டிவிடெண்டைக் குறைத்ததில்லை என்று பெயர் வாங்கியிருந்தது. 2020 ஏப்ரலில் ஒரே அறிவிப்பில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியது. ஆகஸ்டில் பிரிட்டனின் எண்ணெய்க் கம்பெனி பி.பி. தன் டிவிடெண்டைப் பாதியாக்கியது. எண்ணெய் விலை எங்களைத் தொடாது, குழாய்க்கு வாடகைதான் வாங்குகிறோம் என்ற அமெரிக்கக் குழாய்க் கம்பெனி கிண்டர் மார்கனும் 2015 டிசம்பரில் முக்கால்வாசியைக் குறைத்தது.

சரி, கேட்டதற்கும் சொல்கிறேன். எரிசக்திப் பங்கு என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. எண்ணெய் எடுக்கும் கம்பெனிக்கு விலைச் சரிவு நேரடி அடி. சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய் மூலப்பொருள், அது மலிவானால் சில சமயம் லாபம்கூட வரும், பெட்ரோல், டீசல் தேவை குறையாத வரைக்கும். சர்வீஸ் கம்பெனிப் பங்குகள் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். எதைப் பார்த்தாலும் முதலில் கடனைப் பாருங்கள். சரிவில் சாவது கடன் வைத்த கம்பெனி. ஷேல் புரட்சியின் முன்னோடி என்று பேசப்பட்ட அமெரிக்கக் கம்பெனி செசபீக், 2020 ஜூனில் திவால் மனு கொடுத்தது. பழைய பங்குதாரர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்புறம் விலை திரும்பியபோது அவர்களுக்கு அதனால் என்ன பயன்? கச்சா எண்ணெய் விலையையே பின்தொடரும் ஃபண்டுகள் பக்கமும் போகாதீர்கள். அவை வைத்திருப்பது எண்ணெயைப் பின்னால் ஒரு மாதத்தில் வாங்குவதற்கான ஒப்பந்தம். மாதம் மாறும்போது பழைய ஒப்பந்தத்தை விற்றுப் புதியதை வாங்க வேண்டும். சரிவுக் காலத்தில் பெரும்பாலும் புதியது விலை கூடுதலாக இருக்கும், ஒவ்வொரு முறையும் பணம் கொஞ்சம் கரையும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. பூஜ்யத்துக்குக் கீழும் போகும் பொருள் அது.

உங்கள் வீட்டில் வயதான அப்பாவும் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தச் சேமிப்பு உங்கள் பெயரில் இருக்கலாம், அது உங்கள் பணம் மட்டும் இல்லை. சம்பாதித்த கை உங்களுடையது என்பதால் பணயம் வைக்கும் உரிமை உங்களுக்கு மட்டும் வந்துவிடாது. மனைவியைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் வீட்டில் இருக்கிறார் என்பது ஒன்றுதான். இந்த யோசனை அவருக்குத் தெரியுமா, அவர் என்ன சொன்னார் என்று ஒரு சொல் இல்லை. குடும்பத்தின் ஐந்து உயிர்களும் சாய்ந்திருக்கும் பணத்தைப் பற்றி அந்த வீட்டின் பெரிய மனுஷியிடம் கேட்காமல் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இது தப்பு. நான் இதில் இளகிப் பேச மாட்டேன்.

இன்றைக்கே அவரோடு உட்காருங்கள். ஓவர்டைம் நின்றதற்குக் காரணம் என்ன, அடுத்து என்ன வரலாம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சம்பளமே இல்லாமல் ஒரு வருடம் வீடு ஓட எவ்வளவு வேண்டும் என்று இருவருமாகக் கணக்குப் போடுங்கள், அப்பாவின் மருந்தையும் சேர்த்து. மற்ற வேலைக்காரர்களுக்கு ஆறு மாதச் செலவு போதும் என்பார்கள். உங்கள் தொழிலில் இருப்பவருக்கு ஒரு வருடம் வேண்டும், ஏனென்றால் உங்களோடு சேர்ந்து உங்கள் துறையில் எல்லாரும் வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பணம் பேங்க் டெபாசிட்டை விட்டு நகரக் கூடாது. அதற்கு மேல் மிஞ்சினால், எல்லாத் துறைக் கம்பெனிகளின் பங்குகளும் கலந்த இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பொதுவான இண்டெக்ஸ் ஃபண்டில் எரிசக்திக் கம்பெனிகள் ஓரளவு இருக்கத்தான் செய்யும், உங்களுக்கு அந்த அளவு போதும். தனியாக வாங்க வேண்டாம்.

உங்கள் கம்பெனியின் பங்குகளை ஊழியர் சலுகையில் வாங்கி வைத்திருந்தால், விற்க அனுமதி இருக்கும் முதல் நாளிலேயே விற்று அந்த ஒரு வருடச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.