பூங்காவின் பட்டா யார் பெயரில்?

அன்புள்ள ஐயா,

பி.ஆர்க்., எம்.பிளான் என்று ஏழு வருடம் படித்திருக்கிறேன். டிஎன்பிஎஸ்சியின் நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் தேர்வை எழுதச் சொல்கிறார் அப்பா. உள்ளே இருக்கும் சீனியர்களோ, "நகரத்தை வடிவமைக்கலாம் என்று வராதே, நாள் முழுக்க லேஅவுட் ஃபைல்தான்" என்கிறார்கள். இவ்வளவு படித்தது குமாஸ்தா வேலைக்கா? சம்பளம், இடமாற்றம், அரசியல் தலையீடு எல்லாம் எப்படி? தனியார் நிறுவனமே மேலா?

க., திருச்சி

அன்புள்ள க.,

சம்பளம் குடும்பம் நடத்தப் போதும். இடமாற்றம் வரும். தலையீடு தனியாரிலும் உண்டு, பணம் கொடுப்பவர் செய்வார். இதையெல்லாம் விடுங்கள். குமாஸ்தா வேலை என்றீர்களே, கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான்.

மாஸ்டர் பிளானில் பூங்காவுக்குப் பச்சை அடிக்கக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்தப் பச்சைக்கு ஆயுள் எவ்வளவு என்று சொன்னார்களா? 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 38-ஆம் பிரிவைப் படியுங்கள். திட்ட அறிவிப்பு அரசிதழில் வந்து 3 ஆண்டுகளுக்குள் நில எடுப்புக்கான விளம்புகை (நிலத்தை எடுக்கிறோம் என்ற முறையான அறிவிப்பு) வெளியாகவில்லை, பேசியும் வாங்கவில்லை என்றால், ஒதுக்கீடு நீங்கியதாகவே கொள்ளப்படும். நிலம் எடுக்க உள்ளாட்சியிடம் பணம் ஏது? கெடு ஓடிவிடும், உரிமையாளர் நீதிமன்றம் போவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுக்காமல் அடுத்தவர் நிலத்தை எத்தனை காலம் கட்டிப்போடுவது?

ஆக, காசில்லாத ஊரில் பொதுவுக்கு நிலம் வந்துசேர்வது நீங்கள் இளக்காரமாகப் பேசும் அந்த லேஅவுட் ஃபைல், அதாவது மனைப்பிரிவு அனுமதிக் கோப்பு, வழியாகத்தான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதம் ஓ.எஸ்.ஆர். இடமாக, அதாவது பூங்கா போன்ற பொதுத் திறந்தவெளியாக, விட்டே ஆகவேண்டும்; பணம் கட்டித் தப்ப முடியாது. 12,000 சதுர மீட்டரில் சாலைக்கு 3,600 போனால் 840. நாலு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

விண்ணப்ப வரைபடத்தில் அந்த 840 எங்கே இருக்கும் தெரியுமா? உயரழுத்த மின்கம்பிக்கு அடியில். இல்லையென்றால் விலைபோகாத முக்கோண மூலையில், அல்லது மதிலையொட்டி நீளமாக ஒரு பட்டையில். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும், அதில் ஏமாறாதீர்கள். ஸ்கேலை வையுங்கள். அகலம் 10 மீட்டருக்குக் குறைகிறதா, பொதுச்சாலையைத் தொடாமல் நிற்கிறதா, திருப்பி அனுப்புங்கள். நேரில் போனால் பழைய கிணறோ பள்ளமோ இருக்கும், அது வரைபடத்தில் தெரியாது.

பிறகு, அந்த இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்கும் தானப் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதும் ஃபைலை முடித்துவிடுகிறார்கள். பூங்கா தொலைவது இங்கேதான். பத்திரம் உள்ளாட்சியின் பீரோவில் தூங்கும், பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும், எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தில் உட்பிரிவு ஆகியிருக்காது. இருபது வருடம் கழித்து வாரிசு வந்து அதே சர்வே எண்ணைக் காட்டி விற்பார். வாங்குகிறவர் பட்டாவை நம்புவார், வீடு எழும்பும், குடியிருப்போர் சங்கம் வழக்குக்கு அலையும். இத்தனையும் ஒரு கடிதம் போகாததால். பத்திர நகல் வட்டாட்சியருக்குப் போய், சர்வேயர் அளந்து கல் நட்டு, உட்பிரிவு எண் விழுந்து, உள்ளாட்சி பெயரில் மாறிய பட்டாவின் நகல் உங்கள் ஃபைலில் ஏறும்வரை அதை மூடாதீர்கள். "இது வருவாய்த் துறை வேலை சார்" என்பார்கள். சொல்லிக்கொண்டு இருக்கட்டும், நீங்கள் நினைவூட்டுக் கடிதம் போட்டுக்கொண்டே இருங்கள். இதைக் குமாஸ்தா வேலை என்பவருக்கு எம்.பிளான் எதற்கு?

தேர்வா, தனியாரா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா, தேர்வை எழுதுங்கள் அம்மா. அதற்கு முன்னால் திருச்சியிலேயே அங்கீகாரம் பெற்ற பழைய மனைப்பிரிவு வரைபடம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, 'பூங்கா' என்று போட்டிருக்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள். அப்படியே அந்தச் சர்வே எண்ணை அரசின் இணைய சேவையில் போட்டு, பட்டா யார் பெயரில் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.