8 கிலோ தாங்கும் ட்ரைபாடில் 6 கிலோ லென்ஸ்-கேமரா ஏன் ஆடுகிறது?

மதுரை வாசகர் ஒருவரின் கேள்வி: "நிக்கான் 600 எம்.எம். எஃப்/4ஜி விஆர் லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டி850 கேமராவில் மாட்டி வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் போய்வந்தேன். என் ட்ரைபாட் 8 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஆனாலும் விடிகாலையில் எடுத்த படங்கள் லேசாகக் கலங்கியே இருக்கின்றன. கோளாறு லென்ஸிலா, ட்ரைபாடிலா?"

லென்ஸைச் சந்தேகப்படும் முன் ஒரு சோதனை. மொட்டைமாடியில் ட்ரைபாடை நிறுத்தி, தூரத்து செல்போன் டவர் ஒன்றைக் குறிவைத்து, லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், முழுதாகப் பெரிதாக்குங்கள். லென்ஸ் முனையை விரலால் மெல்லத் தட்டுங்கள். ஒரு விநாடிக்குள் ஆட்டம் அடங்கினால் ட்ரைபாட் பரவாயில்லை. மூன்று எண்ணிய பிறகும் டவர் நடுங்கினால் கோளாறு லென்ஸுக்குக் கீழேதான். உங்களுக்கு இரண்டாவதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் கிலோவை நான் பார்ப்பதே இல்லை. கால் வழுக்காமல், உடையாமல் எவ்வளவு சுமக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு; அதையும் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி அளப்பதில்லை. உங்கள் லென்ஸ் 5,060 கிராம், கேமரா சுமார் ஒரு கிலோ. இதை உங்கள் ட்ரைபாட் கீழே போட்டுவிடாது, சரி. ஆனால் அது முறுகாமல் நிற்க வேண்டுமே! பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைந்தாலே போதும், 600 எம்.எம்.மில் பிம்பம் சென்சார்மேல் 0.01 மி.மீ. நகர்ந்துவிடும். டி850-இல் அது இரண்டு பிக்சலுக்கும் அதிகம்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது ட்ரைபாட் காலின் மேல்குழாயின் விட்டம். குழாயின் சுவர்க் கனம் மாறாமல் விட்டம் மட்டும் கூடினால், விறைப்பு ஏறக்குறைய அதன் முப்படியாகக் கூடும். 28 மி.மீ. குழாயைவிட 36 மி.மீ. குழாய் இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பு. 150-600 ஜூம் வைத்திருப்பவருக்கு 32 மி.மீ. போதும். உங்கள் லென்ஸுக்கு 36-க்குக் கீழே போகாதீர்கள். லியோஃபோட்டோ கம்பெனி ட்ரைபாடுகளின் எல்எஸ் வரிசையில் மாடல் எண்ணே இதைச் சொல்லிவிடும்: எல்எஸ்-324சி என்றால் 32 மி.மீ. மேல்குழாய், நான்கு துண்டுக் கால். கிட்ஸோ கம்பெனியில் வரிசை எண் ஏற ஏறக் குழாய் தடிக்கும், விலையும் மலையேறும்.

நடுத்தண்டு இல்லாத மாடலாகப் பாருங்கள். மூன்று கால் ட்ரைபாடின் உச்சியில் ஒற்றைக்கால் ஒன்றை நட்டு, அதன்மேல் 6 கிலோவை ஏற்றுவதில் என்ன லாபம்? துண்டுகள் குறைவாக இருப்பது நல்லது. அடித்துண்டுதான் எல்லாவற்றிலும் ஒல்லி, அவசியமில்லாமல் அதை இழுக்காதீர்கள். ஆனால் ஏரிக்கரைச் சரிவில் ஒரு காலை இறக்கத்துப் பக்கம் நீட்டித்தான் நிறுத்த வேண்டும். அதற்கான நீளத்தையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து ஹெட், அதாவது கால்களுக்கு மேலே லென்ஸைத் தாங்கும் தலைப்பகுதி. உருண்டை ஒன்றின்மேல் எல்லாப் பக்கமும் சாயும் பால் ஹெட் வேண்டவே வேண்டாம். வேடந்தாங்கல் கரையில் ஒருமுறை திருகைச் சரியாக இறுக்காமல் விட்டேன். லென்ஸ் தலைகுப்புறச் சாய்ந்து, நடுவில் என் விரல் மாட்டிக்கொண்டது. லென்ஸை ஊஞ்சல் மாதிரித் தாங்கும் கிம்பல் ஹெட்டில் அந்த ஆபத்து குறைவு. எடையைச் சமன்செய்துவிட்டால் பூட்டாமலே லென்ஸ் அப்படியே நிற்கும், ஒரு விரலால் திருப்பலாம். பலர் கவனிக்காத இன்னொரு இடம் லென்ஸின் பாதம், அதாவது ட்ரைபாடில் மாட்டுவதற்கான அடிப்பகுதி. பாதத்துக்கும் அதை ஹெட்டில் பொருத்தும் பிளேட்டுக்கும் இடையே துளி ஆட்டம் இருந்தாலும் எவ்வளவு தடித்த கால் வாங்கியும் பயனில்லை. பழைய லென்ஸ் என்பதால் அந்த ஸ்க்ரூக்களை முதலில் இறுக்கிப் பாருங்கள். செலவில்லாத வேலை.

விடிகாலைப் படங்கள் மட்டும் கலங்குவதற்கும் காரணம் உண்டு. வெளிச்சம் குறைவு என்பதால் அப்போது ஷட்டர் வேகம் இறங்கிவிடும். 1/60 முதல் 1/4 விநாடி வரையிலான ஷட்டர் வேகத்தில்தான் கேமராவுக்குள் கண்ணாடி எழும்பும் அதிர்வு அதிகம் தெரியும். அசையாமல் நிற்கும் நாரைக்கு, கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவைக்கும் மிரர் அப்பில் வைத்து, திரை அசையாமலே பதிவைத் தொடங்கும் மின்னணு முன்திரை ஷட்டரையும் போட்டு, ரிமோட்டில் எடுங்கள். பறக்கும் பறவைக்கு எப்படியும் 1/2000 வைப்பீர்கள். அங்கே ட்ரைபாட் வெறும் சுமைதாங்கிதான்.

கோடியக்கரைக் காற்றில் லென்ஸ் முனையில் வெயிலை மறைக்கும் அந்தப் பெரிய ஹுட் பாய்மரம் மாதிரி வேலை செய்யும். எதிர்வெயில் இல்லையென்றால் கழற்றிவிடுங்கள். எடைக்காகப் பையை ட்ரைபாடின் கொக்கியில் தொங்கவிடுவதானால் அடிப்பகுதி தரையைத் தொட வேண்டும். தொங்கி ஊசலாடும் பை ஆட்டத்தைக் கூட்டத்தான் செய்யும்.

புது கார்பன் ஃபைபருக்குக் கை கடிக்கிறதா? கல்யாண வீடியோக்காரர்கள் விற்கும் பழைய இரட்டைக்குழாய் அலுமினிய வீடியோ ட்ரைபாடைத் தேடிப் பாருங்கள். உச்சியில் ஹெட் உட்காரும் 75 அல்லது 100 மி.மீ. கிண்ணம் உள்ளதாக இருந்தால், அதற்கான அடாப்டர் போட்டுக் கிம்பலை ஏற்றலாம். தூக்கி நடந்தால் தோள் கழன்றுவிடும், ஒத்துக்கொள்கிறேன். கரையில் ஓரிடத்தில் உட்கார்ந்து எடுப்பவருக்கு நடை எங்கே இருக்கிறது? உப்பளச் சேற்றில் படுத்து எடுப்பவர்கள் பழைய வாணலியில் ஓட்டை போட்டு ஹெட்டை மாட்டித் தள்ளிக்கொண்டே போவார்கள். சிரிக்காதீர்கள், அருமையாக வேலை செய்யும்.

முதுமலை மாதிரிக் காட்டில் சஃபாரி வண்டிக்குள் ட்ரைபாடுக்கு வேலையில்லை. லென்ஸுக்கு அடியில் மெத்தை மாதிரி வைக்கும் பீன் பேக் பையைக் காலியாக எடுத்துப்போய், போகிற ஊரில் இரண்டு மூன்று கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது எஞ்சினை நிறுத்தச் சொல்லவும் மறக்காதீர்கள்.

அப்புறம், உப்புத் தண்ணீரில் நிறுத்திய காலை அன்று இரவே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பூட்டுகளைக் கழற்றித் துடைத்து, துண்டுகளை நீட்டியபடியே காயவிடுங்கள். ஈரத்தோடு மடக்கிப் பையில் போட்டால் அடுத்த பயணத்தில் பூட்டு திறக்காது.