ஐந்து நிமிட ஆட்டம் கண்ணுக்கும் கைக்கும் ஓய்வாகுமா?

கேள்வி: எனக்கு வயது 44. கணக்குப் பிரிவில் பணிபுரிவதால் நாள்தோறும் ஏறத்தாழ 8 மணி நேரம் கணினியின் முன்னேயே கழிகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம், அதே கணினியில் நிறங்களைப் பொருத்தும் ஆட்டமோ விழும் கட்டங்களை அடுக்கும் ஆட்டமோ விளையாடுவது ஓராண்டாக என் வழக்கம். மனத்துக்கு அது இதமாகவே இருக்கிறது. ஆனால் மாலையில் கண்கள் எரிகின்றன. திரையிலிருந்து நிமிர்ந்து தொலைவில் பார்த்தால் சில நொடிகள் மங்கலாகத் தெரிகிறது. வலது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு மாதமாக வலி. சில இரவுகளில் கண்ணை மூடினால் கட்டங்கள் விழுவதுபோல் தோன்றுகிறது. என் மகள் இதை அடிமைத்தனம் என்கிறாள். உடன் பணிபுரியும் நண்பரோ, நினைவாற்றல் கூடும், விட்டுவிடாதீர்கள் என்கிறார். நான் விளையாட்டை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டியதில்லை. நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் இதை அடிமைத்தனம் என்று சொல்லவும் இடமில்லை. ஆனால் உங்கள் இடைவேளையில் ஓய்வு பெறுவது எது, பெறாதது எது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கணக்குகளில் மூழ்கியிருந்த கவனம் பத்து நிமிடம் அவற்றை விட்டு விலகுகிறது, அவ்வளவுதான். கண்கள் அதே தொலைவில் அதே திரையைத்தான் பார்க்கின்றன. வலது கை அதே சுட்டியைப் பிடித்திருக்கிறது. முதுகு அதே நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. மனம் இளைப்பாறும் அந்த நேரம் உடலைப் பொறுத்தவரை பணிநேரமாகவே தொடர்கிறது. நாளுக்கு ஐந்து இடைவேளை என்று கொண்டால், கண்ணுக்கும் கைக்கும் 50 நிமிடம் கூடுதல் வேலை. உங்கள் தொல்லைகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே வருகின்றன என்று கருதுகிறேன்.

மனத்துக்கு இதமாக இருப்பதாக நீங்கள் சொல்வதை நான் ஐயப்படவில்லை. அலுவலக வேலை எடுத்த அன்றே முடிவது அரிது. சிறு புதிரோ ஐந்து நிமிடத்தில் தொடங்கி, தெளிவான விதிகளோடு நடந்து, கண்ணெதிரே முடிந்துவிடுகிறது. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் சொலிட்டேர் என்ற சீட்டாட்டமும், 1992இல் விண்டோஸ் 3.1 உடன் மைன்ஸ்வீப்பர் என்ற கண்ணிவெடி ஆட்டமும் வந்த நாளிலிருந்து அலுவலகக் கணினியில் இந்தப் பழக்கம் உண்டு என்பதால், நீங்கள் குற்ற உணர்வு கொள்ளவும் வேண்டாம். (வெளிநோயாளர் நேரம் முடிந்ததும் நானும் சில நாள் கண்ணிவெடி தேடுவதுண்டு.) ஆயினும் எல்லா ஆட்டமும் ஒரே மருந்தன்று. பொறுமையாக யோசித்து நகர்த்தும் புதிர் பதற்றத்தைத் தணிக்கக்கூடும். வேகம் கூடிக்கொண்டே போகும் ஆர்கேட் ஆட்டமோ நாடித்துடிப்பை உயர்த்தும், தோள்கள் தாமாகவே காதுவரை ஏறும், மூச்சு மேலோட்டமாகும். பிற்பகல் தூக்கக் கலக்கத்தை விரட்ட அது உதவலாம் என்றாலும், கடுமையான கூட்டம் முடிந்து வந்தவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி கண்கள். நிதானமாக இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது இந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. சிமிட்டும் சில முறைகளிலும் இமைகள் முழுமையாக மூடுவதில்லை. ஒவ்வொரு சிமிட்டலிலும் கண்ணீர்ப் படலம் விழியின்மேல் புதிதாகப் பூசப்பட வேண்டும். பூசப்படாத இடங்கள் காய்கின்றன, எரிச்சல் உண்டாகிறது. ஒரு கட்டம் தவறிய நொடியில் ஆட்டம் முடிந்துவிடும் என்று விழித்துக் காத்திருப்பவர், கணக்குப் பார்ப்பவரைவிடவும் குறைவாகச் சிமிட்டுவதில் வியப்பில்லை. குளிர்சாதனக் காற்று நேரே முகத்தில் படும் இருக்கையானால் எரிச்சல் இன்னும் கூடும். காற்றின் திசையை மாற்றுவதும், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்குமாறு தாழ்த்துவதும் செலவில்லாத முதல் சிகிச்சைகள். பார்வை தாழும்போது இமைகளின் இடைவெளி குறுகி, காயும் பரப்பும் குறையும். இவற்றுக்குப் பிறகும் எரிச்சல் நீடித்தால், கண்ணீருக்கு மாற்றான எளிய சொட்டு மருந்தைப் பயன்படுத்தலாம். கண் சிவந்திருக்கிறது என்று ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருத்துவரின் சீட்டின்றித் தாமாகவே வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது. அது கண்ணின் உள்ளழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பையே கெடுத்துவிடக்கூடும்.

நிமிர்ந்து பார்க்கும்போது வரும் மங்கலுக்குக் காரணம் வேறு. அருகிலுள்ளதைப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் சிலியரித் தசை சுருங்கி விழிவில்லையைத் தடிக்கச் செய்கிறது. மணிக்கணக்காகச் சுருங்கியிருந்த தசை, தொலைவில் பார்க்கும்போது உடனே தளர மறுக்கிறது. அந்தச் சில நொடிகளையே நீங்கள் மங்கலாக உணர்கிறீர்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ 6 மீட்டர் தொலைவிலுள்ள ஏதாவதொன்றை 20 நொடி பார்க்கச் சொல்வது இந்தத் தசையின் பிடியைத் தளர்த்துவதற்காகத்தான். உங்கள் வயதையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். 40ஐ ஒட்டி வெள்ளெழுத்து தொடங்குகிறது. அதற்காகக் கொடுக்கப்படும் படிப்புக் கண்ணாடி பொதுவாக ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தொலைவுக்கு அமைந்தது. கணினித் திரையோ 60 சென்டிமீட்டர் அளவில் இருக்கிறது. அந்தக் கண்ணாடியோடு திரையைப் பார்ப்பவர், தெளிவு தேடி, தம்மை அறியாமலே கழுத்தை முன்னே நீட்டி உட்காருகிறார். மாலையில் பின்கழுத்தும் வலிக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை; வலித்தால், கண் பரிசோதனையின்போது திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தொலைவை அளந்துகொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

கட்டைவிரல் பக்க வலியை இரண்டு மாதம் பொறுத்திருந்தது சரியில்லை. கட்டைவிரலை நீட்டவும் விலக்கவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஓர் இறுக்கமான உறைக்குள் ஓடுகின்றன. ஒரே அசைவு ஓயாது தொடர்ந்தால் அந்த உறை தடித்து, நாண்கள் வழுக்கிச் செல்ல இடமின்றி வலிக்கும். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டெ குவெர்வைன் 1895இல் விளக்கிய காரணத்தால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆர்கேட் ஆட்டங்களுக்கும் மணிக்கட்டுக்கும் உள்ள பகை பழையதுதான்: 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தை ஓயாமல் ஆடியதால் வந்த மணிக்கட்டு வலியைப் பற்றி, 1981இலேயே ஒரு மருத்துவ இதழில் கடிதம் வெளியாயிற்று. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கி மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில் சுரீரென்று வலித்தால் ஐயம் வலுப்படுகிறது என்று பொருள். கட்டைவிரலின் அடிமூட்டுத் தேய்மானமும் ஏறத்தாழ அதே இடத்தில் வலிக்கும் என்பதால், உறுதிசெய்வது நேரில் பார்க்கும் மருத்துவரின் வேலை. அதுவரை, வலது கையால் ஆடும் ஆட்டத்தை முழுமையாக நிறுத்தி வையுங்கள். மொத்தக் கடிதத்திலும் நான் நிறுத்தச் சொல்வது இந்த ஒன்றைத்தான், அதுவும் வலி தணியும்வரை. பணிநேரத்தில் சுட்டியை இறுகப் பிடிக்காமல், முழங்கை மேசையிலோ நாற்காலியின் கைப்பிடியிலோ ஊன்றியிருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலையும் சேர்த்துத் தாங்கும் பட்டையைச் சில வாரம் அணிந்தாலே பலருக்குக் குறைந்துவிடுகிறது. குறையாதவர்களுக்கு உறைக்குள் ஓர் ஊசி தேவைப்படலாம். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய் உறக்கத்தைக் கலைத்தால் அது வேறு தொல்லை, மணிக்கட்டு நடுவே நரம்பு நெருக்குண்பதன் அறிகுறி. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டங்கள் விழும் காட்சி உங்களை அச்சுறுத்தியிருந்தால், அச்சத்தை விடலாம். அலெக்சேய் பஜித்னோவ் 1984இல் மாஸ்கோவில் உருவாக்கிய டெட்ரிஸ் ஆட்டத்தைச் சிலரை ஆடச் செய்து, உறக்கம் தொடங்கும் வேளையில் அவர்கள் காண்பதை ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஆடியவர்களில் பலர் விழும் கட்டங்களைக் கண்டதாகச் சொன்னார்கள். ஆடியதே நினைவில்லாத மறதி நோயாளிகளில் சிலரும் அவற்றைக் கண்டார்கள் என்பது இன்றும் என்னை வியக்க வைக்கும் செய்தி. பகலில் புதிதாகப் பழகியதை மூளை இரவில் மீண்டும் புரட்டிப் பார்க்கிறது. இதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. உறங்கப் போகுமுன் ஒரு மணி நேரமாவது ஆட்டத்தைத் தவிர்த்தால் போதும்.

நண்பர் சொல்லும் நினைவாற்றல் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓர் ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுபவர் அந்த ஆட்டத்தில் தேர்ச்சி பெறுகிறார். அந்தத் தேர்ச்சி பெயர்களை நினைவு கொள்வதற்கோ கணக்கில் பிழை விடாமல் இருப்பதற்கோ தாவிச் செல்லும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. மூளைப் பயிற்சி ஆட்டங்களை விற்ற லுமோசிட்டி, மறதியைத் தள்ளிப்போடலாம் என்பதுபோல் விளம்பரம் செய்ததற்காக 2016இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. பிடித்திருப்பதால் ஆடுகிறேன் என்பதே போதுமான காரணம்.

மகளின் அச்சத்துக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. விளையாட்டுக் கோளாறு அதில் ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தின்மீது கட்டுப்பாடு இழப்பது, மற்றக் கடமைகளுக்கும் விருப்பங்களுக்கும் மேலாக அதை வைப்பது, கேடு விளைந்த பின்னும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்து, பொதுவாக ஓராண்டு நீடித்தால்தான் அப்பெயர் பொருந்தும். பத்து நிமிடத்தில் எழ முடிகிற உங்களுக்கு அது பொருந்தவில்லை. ஆனால் உண்மையிலேயே பத்து நிமிடம்தானா என்று ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். அருகிலிருந்து பார்க்கும் மகளின் கண்ணுக்கு நமக்குத் தெரியாதது தெரிந்திருக்கலாம்.

இந்த இடத்தில் ஆட்டத்தின் தேர்வு முக்கியமாகிறது. சொலிட்டேர், சுடோகு, கண்ணிவெடி போன்றவை வென்றாலோ தோற்றாலோ முடிந்துவிடும்; எழுந்துகொள்ள ஆட்டமே ஒரு வாய்ப்பைத் தருகிறது. நிறங்களைப் பொருத்தும் இக்கால ஆட்டங்களில் ஒரு நிலை முடிந்த நொடியில் அடுத்த நிலை திறக்கிறது; பரிசு எப்போது கிடைக்கும் என்று தெரியாத எதிர்பார்ப்பு கையை மீண்டும் மீண்டும் இழுக்கிறது; ‘உயிர்கள்’ எனப்படும் ஆடும் வாய்ப்புகள் தீர்ந்தால் அரை மணி கழித்து வாருங்கள் என்ற அறிவிப்பு, வேலைக்குத் திரும்பிய பின்னும் உங்கள் கவனத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இடைவேளை எப்போது முடியும் என்பதை ஆட்டத்தை விற்பவர் தீர்மானிப்பதை நான் விரும்பவில்லை. முடிவுள்ள ஆட்டத்துக்கு மாறுங்கள், அல்லது அறிவிப்புகளையாவது அணைத்துவிடுங்கள்.

ஐந்து இடைவேளைகளில் மூன்றைத் திரையில்லாமல் கழியுங்கள். எழுந்து நடந்து, தண்ணீர் குடித்து, சன்னலுக்கு வெளியே தொலைவில் பாருங்கள். மற்ற இரண்டிலும் முதல் சில நிமிடம் இதையே செய்துவிட்டு, கை குணமான பின், ஐந்து நிமிடத்தில் முடியும் ஓர் ஆட்டம் ஆடலாம். உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் மின்னும் ஒளியைப் பார்த்து வலிப்பு வந்ததுண்டு என்றால், அவர் பளிச்சிடும் ஆர்கேட் ஆட்டங்களைத் தவிர்க்கட்டும்.

இந்த மாற்றங்களை மூன்று வாரம் கடைப்பிடித்துப் பாருங்கள். அதன் பின்னும் மங்கல் நீடித்தால் கண் மருத்துவரைச் சந்தியுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்தாலோ, கண்முன் திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, மின்னல் வெட்டுவதுபோல் ஒளிக்கீற்றுகள் தோன்றினாலோ மூன்று வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே செல்லுங்கள். மணிக்கட்டைக் காட்டுவதற்கு இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள்.