தன்னலம் பொதுநலனுக்கு உதவ முடியுமா?

உதவும், ஆனால் தானாக அல்ல. ஒருவர் தம் ஆதாயத்துக்காக எடுக்கும் முடிவின் இழப்பையும் அவரே ஏற்கும்படி விதிகள் அமைந்த இடத்தில்தான் அவருடைய தன்னலம் மற்றவர்களுக்கும் பயன் தருகிறது. தம் ஆதாயத்தை நாடுபவர் தம்மை அறியாமலே பொதுநலனையும் வளர்க்கிறார் என்று பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் ‘நாடுகளின் செல்வம்’ என்ற நூலில் முன்வைத்த வாதத்தை எடுத்துக்காட்டும் பலர், வணிகர்கள் கூடினால் விலையை உயர்த்தச் சதி செய்வார்கள் என்று அதே நூலில் அவர் எச்சரித்ததை விட்டுவிடுவது வருந்தத்தக்கது.

பொது மேய்ச்சல் நிலத்தைப் பாருங்கள். கூடுதலாக ஒரு மாட்டை விடுபவருக்கு ஆதாயம் முழுவதும் கிடைக்கிறது. நிலம் தேயும் இழப்போ எல்லோர் மீதும் விழுகிறது. ஆகவே ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்து நடந்தும் நிலம் அழிகிறது. தனியுடைமை அல்லது அரசுக் கட்டுப்பாடு மட்டுமே இதற்குத் தீர்வு என்று பலர் கருதினர். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் இதை மறுத்தார். அவர் எடுத்துக்காட்டிய சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில், குளிர்காலத்தில் தீவனமிட்டுக் காக்க முடிந்த அளவுக்கு மேல் எவரும் மலை மேய்ச்சலுக்கு மாடுகளை அனுப்பக்கூடாது என்ற விதி 1517-இலேயே இருந்தது. அம்மக்கள் தியாகிகள் அல்லர். அடுத்த ஆண்டும் தம் மாடுகளுக்குப் புல் வேண்டும் என்ற எண்ணமே அவர்களை விதிக்குக் கட்டுப்பட வைத்தது என்பது என் கருத்து. மேலும், மீறுவோரிடம் வசூலிக்கும் அபராதத்தில் பாதியை அதை விதிக்கும் அலுவலரே வைத்துக்கொள்ளலாம் என்பதால், கண்காணிப்பவரின் தன்னலமும் பொதுநலனுக்கே உழைத்தது.