மூலிகைச் சாறும் அகர்த் தட்டும்: வாசகர் கேள்விகள்

உயர்தரச் செயற்திட்டத்துக்கு நொச்சி இலையை மெதனோலில் ஊறவைத்து எடுத்த சாற்றைச் சோதித்தோம். ஈ.கோலை என்ற பற்றீரியாவைப் பூசிய அகர்த் தட்டில் (பற்றீரியா வளர்க்கும் கூழ்த் தட்டு), சாறு நனைத்த வட்டத்தாளைச் சுற்றி 9 மில்லிமீற்றர் வலயம் (பற்றீரியா வளராத வட்டம்) வந்தது. நொச்சி பற்றீரியாவைக் கொல்லும் என்று எழுதலாமா?
– மாணவி, உப்புவெளி

கொஞ்சம் பொறுங்கள், தங்கச்சி. வட்டத்தாளே 6 மில்லிமீற்றர். அதையும் சேர்த்துத்தான் உங்கள் 9. வெறும் மெதனோல் நனைத்த வட்டத்தாளை அதே தட்டில் வைத்தீர்களா? சரியாக உலராத மெதனோலே வலயம் காட்டிவிடும். ஜென்டாமைசின் என்ற பற்றீரியாக் கொல்லி மருந்து நனைத்த வட்டத்தாள் ஒன்றும் வேண்டும். அதைச் சுற்றியும் வலயம் வராவிட்டால் கோளாறு தட்டில்தான். தட்டில் பூசும் பற்றீரியாக் கலங்கல், 0.5 மக்ஃபார்லண்ட் என்ற நியமக் கலங்கல் அளவைவிட ஐதாக இருந்தால், எந்தச் சாறும் சூரன்தான்!

வலயம் பெரிதென்றால் வீரியமும் பெரிதென்று எடுக்கவும் முடியாது. எண்ணெய்ப்பசையான கூறுகள் அகரில் பரவத் தயங்கும். அப்புறம் 96 குழித் தட்டில் சாற்றைப் பாதி பாதியாக ஐதாக்கிப் பாருங்கள். ரெசசூரின் என்ற நீலச் சாயம் விட்டால் பற்றீரியா வளர்ந்த குழி இளஞ்சிவப்பாகும். நீலமாகவே நிற்கும் குழிகளில் உள்ள மிகக் குறைந்த சாற்றுச் செறிவுதான் எழுத வேண்டிய எண். பற்றீரியா சேர்க்காத சாற்றுக் குழி ஒன்றும் வையுங்கள். சில சாறுகள் தாமாகவே நிறத்தை மாற்றும்.

சித்த வைத்தியர் மூலிகையைக் குடிநீராக (கஷாயமாக) நீரில் காய்ச்சுகிறார். ஆய்வுகூடத்தில் ஏன் எதனோல்?
– மூதூர் வாசகர்

நீரில் கரையாதது எதனோலில் கரையும் என்பதால்தான். சூடும் கெடுக்கலாம். சீனாவில் தூ யூயூ குழு மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினினைக் காய்ச்சாமல், குறைந்த வெப்பநிலையில் ஈதரில் எடுத்தது; 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வைத்தியரின் குடிநீரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதானால் குடிநீரைத்தான் சோதிக்க வேண்டும். மெதனோல் சாற்றின் முடிவை அதன்மேல் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. செடி சரியானதா என்ற சந்தேகத்துக்கு, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிப்பவர்களைக் கேளுங்கள்.

மரமஞ்சள் சாறு நன்றாக வேலை செய்தது. அதிலுள்ள பெர்பரின் என்ற கூறைத் தனியே பிரித்ததும் வீரியம் குறைந்துவிட்டதே?
– ஆய்வு மாணவர், நிலாவெளி

ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியா, உள்ளே வரும் பெர்பரினைத் தன் கலச்சவ்விலுள்ள நோர்-ஏ என்ற பம்பினால் வெளியே தள்ளிவிடும். பெர்பரின் உள்ள வேறு செடிகளான பெர்பெரிஸ் வகைகளில் அந்தப் பம்பை அடைக்கும் வேறொரு கூறும் இருப்பதை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. மரமஞ்சளிலும் அப்படி ஏதும் உண்டா என்று பார்க்க, பிரித்த பகுதிகளை மறுபடி சேர்த்துச் சோதியுங்கள்.

புண்ணின் சீழை வீட்டிலேயே வளர்த்துச் சோதிக்கலாமா?
– கிண்ணியா வாசகர்

வேண்டாம். வளர்த்த தட்டை 121 பாகை செல்சியஸில், அழுத்தக் கலனில் 15 நிமிடமாவது அவித்துத்தான் எறிய வேண்டும். குசினியில் அது நடக்காது.